தியேட்டருக்குள் போன தாயத்து

புதிதாக நர்ஸ் வேலையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும். எது முதலில் வரும் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். ஊசி, மருந்து, டிரிப்ஸ் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். படித்தவர்களும் தடுமாறுகிற ஓர் இடம் இருக்கிறது. அதை மட்டும் சொல்கிறேன்.

நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டுக்குள் நுழைந்து பார்த்திருப்பீர்கள். ஒரு கட்டிலின் தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து இருக்கும். அடுத்த கட்டிலில் தலையணைக்கு அடியில் ஜெபமாலை. அதற்கடுத்த கட்டிலில் தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீர் பாட்டில். எல்லாச் சாமிக்கும் ஒரே வார்டில்தான் அட்மிஷன். இதனால் எனக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை. தொந்தரவு செய்வது கட்டிலில் கிடக்கிறவள் இல்லை, கட்டிலைச் சுற்றி நிற்கிறவர்கள்.

நம் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவதற்கு முன்னால் நோயாளியின் உடம்பில் இருக்கும் தோடு, மூக்குத்தி, தாலி, கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுவோம். கழற்றியதை ஒரு ட்ரேயில் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொன்றாக எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டி, சொந்தக்காரர் கையில் ஒப்படைப்போம். பின்னால் அதைக் காணோம் இதைக் காணோம் என்று நம் தலையில் பழி விழக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம். நல்ல வழக்கம்தான். அந்த நல்ல வழக்கம் ஒருநாள் ஒரு பெண்ணைத் தியேட்டர் மேஜையிலிருந்து எழுந்து ஓடப் பார்க்க வைத்தது.

சில வருடங்களுக்கு முந்தைய சங்கதி. நம் மாவட்டத்திலேயே ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நான் பிரசவ வார்டு சிஸ்டராக இருந்தேன். கார்த்திகா என்று ஒரு பெண் பிரசவத்துக்கு வந்தாள். பிறந்த ஊர் பொன்னமராவதிப் பக்கம், விவசாயக் குடும்பம். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் ஜெகதாப்பட்டினத்துப் பையன் ஒருவனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வீட்டில் எல்லோரும் பெந்தெகொஸ்தே சபை. இவளும் ஞானஸ்நானம் எடுத்தாள். சபையில் கிரேஸ் என்று பெயர். கேஸ் ஷீட்டில் கார்த்திகாதான்.

புருஷன் போட்டில் கடலுக்குப் போயிருந்தான். போன் போட்டால் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் கடலுக்குப் போனவனின் போன் கிடைக்கவில்லை என்றால், புயலா, இலங்கைக் கடற்படையா என்று என்னென்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட இருந்தது மாமியார் ரெபேக்காள். வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் ஒன்றும் கிடையாது, கையில் பைபிள். மருமகளுக்காக முதல் நாளிலிருந்தே உபவாசம். வராண்டாவின் இன்னொரு கோடியில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, பெற்ற தாய் அழகம்மாள். கல்யாணம் ஆனதிலிருந்தே சம்பந்திகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் அந்த வழியாக நடக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதிலைத்தான் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நடுப்பகல் வாக்கில் வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. உடனே ஆபரேஷன் என்று டாக்டர் முடிவு செய்தார். சின்ன வயது டாக்டரம்மா, கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. கார்த்திகாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளிக்கொண்டு தியேட்டர் வாசலுக்கு வந்தோம். ரெபேக்காள் கூடவே ஓடி வந்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணு மேல குண்டுமணித் தங்கம் இருக்காது சிஸ்டர். எங்க சபையில நக போட மாட்டோம். கழட்ட ஒண்ணுமில்ல. வெரசாக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அதற்குள் அந்தக் கோடியிலிருந்து அழகம்மாளும் வந்துவிட்டார். கையில் சின்னக் காகிதப் பொட்டலம்.

"தாயி, இந்தத் துன்னூற மட்டும் நெத்தியில வச்சு விட்டுர்றேன். எங்க கருப்பர் கோயிலுது. வேற ஒண்ணுங் கேக்கல."

ரெபேக்காள் ஸ்ட்ரெச்சருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "இங்கிட்டு வராதீக. அவ ஞானஸ்நானம் எடுத்தவ."

"நாம் பெத்தவ."

ஸ்ட்ரெச்சர் நின்றுவிட்டது. உள்ளே ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறது, வெளியே இரண்டு பேர் நெற்றிக்குச் சண்டை. டாக்டரம்மா குனிந்து, "ஏம்மா கார்த்திகா, ஒனக்கு வேணுமா வேணாமா? நீயே சொல்லு" என்றார்.

நியாயமான கேள்வி என்றுதான் உங்களுக்கும் தோன்றும். ஒருவருடைய சாமி விஷயத்தில் அவரைத்தானே கேட்க வேண்டும்? ஆனால் பெற்றவள் ஒரு பக்கம், நாளை சோறு போடப்போகிறவள் ஒரு பக்கம் நிற்கும்போது கேட்டால் அதற்குக் கேள்வி என்று பெயரில்லை. யாரை இழக்கப்போகிறாய் என்று அவளை நெருக்குவதுதான் அது. கார்த்திகா கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை. வெளியாட்கள் தாண்டக்கூடாது என்று தரையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, "ரெண்டு பேரும் இதுக்கு அங்கிட்டு நில்லுங்க. இதுக்கு உள்ள சாமி கும்பிடணும்னா அவ கும்பிட்டுக்கிருவா" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினேன்.

உள்ளே போய் உடை மாற்றும்போதுதான் அது நடந்தது. கார்த்திகா இரண்டு கைகளாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டாள். வேலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ் ஒருத்தி கையை விலக்கப் பார்த்தாள். விலகவில்லை. எட்டிப் பார்த்தேன். இடுப்பில் கறுப்புக் கயிறு. கயிற்றில் ஒரு செம்புத் தாயத்து.

"அத அறுத்துப் போடுங்க சிஸ்டர், டைம் இல்ல" என்று கை கழுவிக்கொண்டே டாக்டரம்மா சத்தம் போட்டார்.

"நான் வரல. எனக்கு ஆபரேசன் வேணாம். என்னைய எறக்கி விட்ருங்க" என்று கார்த்திகா எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஒரு தாயத்துக்காகப் பிள்ளையச் சாகக் குடுக்கப் போறியா?" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவருடைய கண்ணுக்கு அது மூடநம்பிக்கை. புது நர்ஸின் கண்ணுக்கு அது ட்ரேயில் போட வேண்டிய ஒரு சாமான். அவள் ட்ரேயைக் கையிலேயே எடுத்துவிட்டாள். அந்த ட்ரேயைப் பார்த்ததும் கார்த்திகா இடுப்பை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். சாமிக்குப் பயந்தவள் மேலே பார்ப்பாள். இவள் ட்ரேயைப் பார்த்தாள்.

ட்ரேயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். திரையை இழுத்துவிட்டு அவள் காதருகே குனிந்தேன்.

"கழட்டுனா சாமி கோவிச்சுக்கும்னு பயப்படுறியா?"

இல்லை என்று தலையாட்டினாள். "சாமிக்குப் பயமில்ல சிஸ்டர். ட்ரேல போட்டு வெளிய தூக்கிக் காமிப்பீங்கல்ல. காலையில ஒரு அக்காவுக்குக் காமிச்சீங்க, நாம் பாத்தேன். எங்க அத்தை பாத்துட்டா அம்புட்டுத்தான். இத்தன நாளும் பொய்யாவா ஜெபம் பண்ணுனன்னு கேக்கும். நான் பொய்யாப் பண்ணல சிஸ்டர். மனசாரத்தான் சபைக்குப் போறேன்."

"அப்ப இது?"

"மொதப் பிள்ள வயித்துலயே தங்கல. செக்கப்புக்கு வந்தப்ப எங்க ஆத்தா மாத்திரைக் கவர்ல வச்சுக் குடுத்துச்சு. எனக்கு ரெண்டும் வேணும் சிஸ்டர்."

நான் வேதக்காரி, கத்தோலிக்கக் கிறிஸ்தவள். தாயத்தில் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. என் கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து இதே பெண் இதே வார்த்தையை என்னிடம் சொல்லியிருந்தால், ரெண்டும் எப்படியம்மா சரிப்படும் என்று நானே அரைமணி நேரம் புத்தி சொல்லியிருப்பேன். ஆனால் அன்று நான் நின்றது என் கோயிலில் இல்லை. அரசாங்கத்துத் தியேட்டரில், அரசாங்கம் கொடுத்த உடுப்போடு நின்றேன். மேஜையில் கிடந்தவள் என்னிடம் பிள்ளை பெற வந்தாளே தவிர, எது சரி என்று கேட்க வரவில்லை. அவளுடைய இடுப்பில் இருப்பதும் மனசில் இருப்பதும் அவளுடையது. மதச்சார்பின்மை என்று பேப்பரில் பெரிய எழுத்தில் போடுகிறார்களே, நம் வேலையில் அது ஒரு துணித்திரையின் அகலம்தான். அந்தத் திரைக்கு உள்ளே கேட்டது வெளியே போகக்கூடாது.

"இது வெளிய போகாது. ஒன்னைய விட்டும் போகாது. என்னைய நம்புறியா?" என்று கேட்டேன். கையை எடுத்தாள்.

கயிற்றை வெட்டித் தாயத்தைக் காஸ் துணியில் சுற்றினேன். ஆபரேஷன் கருவியின் கரண்ட் படாத இடமாகப் பார்த்து உடம்பிலேயே ஒட்டிவிடட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "கணுக்கால்ல ஒட்டுங்க, போதும்" என்றார். நான் கார்த்திகாவின் முகத்தைப் பார்த்தேன். சாமி சமாச்சாரத்தை யாராவது காலில் கட்டுவார்களா? இடது தோளுக்குக் கீழே வைத்து, வெளியே தெரியாதபடி மேலே பட்டையாகப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். டாக்டரம்மா ஒரு முறை முறைத்தார், பிறகு சரி என்று தலையசைத்தார். கழற்றி எடுத்ததைத்தான் ஒப்படைக்க வேண்டும் என்பது வழக்கம். உடம்பிலேயே இருப்பதை எங்கே போய் ஒப்படைப்பது? ட்ரே காலியாக இருந்தது. புது நர்ஸ் அதைக் கழுவி வைத்தாள்.

இதற்கெல்லாம் ஆன நேரம் நீங்கள் இதைப் படிக்கிற நேரத்தைவிடக் குறைவு. அவசரத்தில் கேட்க நேரமில்லை என்று சொல்வார்கள். கேட்காமல் அவளோடு மல்லுக்கட்டியிருந்தால்தான் நேரம் போயிருக்கும்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை, தட்டிவிட்ட பிறகு வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்ட சந்தோஷத்தில் நானும் கொஞ்சம் அழுதேன், மாஸ்க்குக்குள் யாருக்குத் தெரியும். துண்டில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவந்தால், சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஜோடிக் கைகள் நீண்டன. "கை கழுவிட்டு வாரவங்களுக்குத்தான் பிள்ள" என்றேன். இருந்தது ஒரே குழாய். இருவரும் அதன் கீழே ஒன்றாகக் கையை நீட்ட வேண்டியதாயிற்று. ரெபேக்காள் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்து ஸ்தோத்திரம் சொன்னார். அழகம்மாள் ஈரக் கையோடு, வாங்க உரிமை இல்லாதவர் போல ஒதுங்கி நின்று பார்த்தார். அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் நான் ஒரே நாளில் சரிசெய்ய முடியாது.

மறுநாள் வார்டில், மருமகளுக்கு நைட்டி மாற்றும்போது ரெபேக்காள் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டார். அழுத்திப் பார்த்திருக்கிறார். உள்ளே கட்டியாகத் தட்டுப்பட்டிருக்கிறது. கார்த்திகாவைக் கேட்காமல் நேராக என்னைத் தேடி வராண்டாவுக்கு வந்தார்.

"தோள்ல என்னா சிஸ்டர்? ஆபரேசன் பண்ணுனது வயித்துல. தோள்ல எதுக்குப் பிளாஸ்திரி?"

ஊசி போட்ட இடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொல்லும் பொய்யை நான் டியூட்டி முடிந்ததும் மறந்துவிடுவேன். அவள் அதை ஆயுசுக்கும் அந்த வீட்டில் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

"அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன்மா. அவளுக்கு அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல. அத மட்டும் நான் பொறுப்பாச் சொல்லுவேன்."

"நீங்களும் வேதக்காரவகதான. எங்கிட்டச் சொல்லலாம்ல?"

"வேதக்காரிதான். இந்த உடுப்புப் போட்டுட்டா நான் அவளுக்கு சிஸ்டர். நாளைக்கு நீங்க இங்க வந்து படுத்தாலும், ஒங்க சங்கதிய நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

பெரிய டாக்டரிடம் சொல்வேன் என்றார். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். போகவில்லை. வராண்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு மூத்தது ஒரு பொம்பளப் பிள்ள சிஸ்டர். காய்ச்சல். மந்திரிச்சுத் தாயத்துக் கட்டுனோம். எறங்கல, இன்னொன்னு கட்டுனோம். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓட எங்களுக்குத் தோணல. தாயத்தோடதான் பொதச்சோம். அதுக்கப்புறந்தான் நாங்க சபைக்குப் போனது. அதெல்லாம் இனி எங்க வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு இருக்கேன். தப்பா?"

நானும் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் ஸ்ட்ரெச்சரை மறித்து நின்றவரை மதம் பிடித்த மனுஷி என்று மனசுக்குள் திட்டியிருந்தேன். அவர் மறித்தது திருநீற்றை இல்லை, தன் மகளின் சாவை. "தப்பில்லம்மா" என்றேன். அது நான் முழு மனசோடு சொன்ன வார்த்தை. ஆனாலும் பிளாஸ்திரிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. பாவமாக இருக்கிறது என்பதற்காக அடுத்தவளுடைய ரகசியத்தை எடுத்துக் கொடுக்க முடியாது. பிள்ளைகளா, மிரட்டுகிறவர்களிடம் வாயை மூடிக்கொள்வது சுலபம். அழுகிறவர்களிடம் மூடிக்கொள்வதுதான் கஷ்டம்.

ரெபேக்காள் சாப்பாடு வாங்கப் போன நேரம் பார்த்துக் கார்த்திகாவிடம் போனேன். "ஒங்க அத்தை கேட்டாங்க. நான் சொல்லல. ஏதோ இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். சொல்றதும் சொல்லாததும் ஒன் இஷ்டம். கழட்டிக் குடுன்னா இப்பவே கழட்டி ஒங்க ஆத்தாட்டக் குடுத்துர்றேன்" என்றேன். அவள் பிளாஸ்திரியின் மேல் கையை வைத்து யோசித்தாள். "இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள்.

மறுநாள் காலை டியூட்டிக்கு வரும்போது, பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்திருப்பார்களோ, வார்டே ரெண்டுபட்டுக் கிடக்குமோ என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ரெபேக்காள் மருமகளுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். வெந்நீரில் துணியை முக்கிப் பிழிந்து கழுத்து, முதுகு, கை என்று துடைத்தார். இடது தோளுக்கு வந்ததும் துணியை இன்னும் ஒரு தடவை இறுக்கிப் பிழிந்தார். பிளாஸ்திரியின் மேல் ஈரம் படாமல், விரலில் சுற்றிய துணி நுனியால் அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். கார்த்திகா கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலை ஒட்டி அழகம்மாள் உட்கார்ந்திருந்தார், மடியில் பேத்தி.

இரவில் கார்த்திகா சொல்லிவிட்டாளா, ரெபேக்காளே கண்டுகொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அது நான் கேட்கக்கூடிய கேள்வியும் இல்லை.

என்னைப் பார்த்ததும் ரெபேக்காள் துணியை வாளியில் போட்டார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"ஓரம் பிரியுது சிஸ்டர். நல்லாப் பெருசா ஒண்ணு மேல ஒட்டி விடுங்க, விழுந்துரப் போவுது" என்றார்.

நான் போய்ப் பிளாஸ்திரியையும் கத்திரிக்கோலையும் எடுத்து வந்தேன்.